நன்றியுரையில் இரண்டு மகள்கள்

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஆய்வேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் புரட்டுகிறார் சதவீத மேடம். பெயர் ஆய்வு மாணவர்கள் வைத்தது. பல்கலைக்கழக நூலக மாடியில், ஓயாமல் இருமும் அச்சுப்பொறிக்குப் பக்கத்து மேசை அவருடையது. ஆய்வேட்டில் அடுத்தவர் எழுத்து எவ்வளவு என்று கணினி சொல்லும். பத்து சதவீதத்தைத் தாண்டினால் திருப்பிவிட வேண்டும். “மிஷினுக்குக் கண்ணு இருக்கு, புத்தி கிடையாது” என்று தானும் ஒருமுறை படிப்பார்.

படித்துப் படித்து வந்த எரிச்சல்தான் அவருக்கு. மண் அரிப்பை ஆராய்ந்த ஒருவர், கணினியை ஏய்க்க நூற்றெண்பது பக்கமும் ‘மண் சொறி’ என்று மாற்றியிருந்தார். “ஏங்க, மண்ணுக்கு என்ன தோல் வியாதியா? திருடுறதுதான் திருடுறீங்க, ஒரு தடவை படிச்சுப் பார்த்துத் திருடக்கூடாதா?” என்று கேட்டார். அந்த மனிதர் மூன்று மாதம் மாடிப்பக்கமே வரவில்லை.

போன வாரம் வந்தது மேடத்தின் கணவருடைய ஆய்வேடு. கல்லூரி விரிவுரையாளர், மாத முடிவுக்குள் சமர்ப்பிக்காவிட்டால் வேலை போய்விடும். அவர் எழுத வேண்டுமென்று ஐந்து வருடம் வீட்டில் மிக்ஸியைக்கூடப் பொழுது பார்த்துத்தான் ஓட்டினார் மேடம். மகனுக்குக் காய்ச்சலென்றால் தனியாகத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்.

கணினி ஒன்பது சதவீதம் என்றது. நிம்மதியாகப் புரட்டியவர் நன்றியுரையில் நின்றுவிட்டார். ‘எங்கள் இரு மகள்களையும் தனியொருத்தியாக வளர்த்து, என்னை எழுதவிட்ட மனைவிக்கு.’ அவர்களுக்கு ஒரே மகன்.

கணினிக்குள் ஏறாத பழைய ஆய்வேடுகள் கீழ்த்தளத்தில் கிடக்கின்றன. கணவரின் துறையில் வந்த பழைய ஆய்வேடு ஒன்றை அரை நாள் தூசியில் தேடி எடுத்தார். அதே மனைவி, அதே மகள்கள். மூன்றாம் அத்தியாயமும் வரிக்கு வரி அதேதான்.

“எனக்கு நன்றி சொல்லக்கூடவா ஊரான் வீட்டுச் சொல்லு?” என்று வீட்டில் கேட்டார்.

“மிஷினே விட்டுடுச்சு. நன்றியுரையை எவன் படிக்கிறான்? நீ பேசாம கையெழுத்தைப் போடு” என்றார் கணவர்.

வேலை போனால் வீடு என்னாகும் என்பது மேடத்துக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்த ‘எவன் படிக்கிறான்’ அவர் காதைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் கணவரும் வரிசையில் வந்து நின்றார். பழைய ஆய்வேட்டின் மேல் புதியதை வைத்து, திருப்பும் சீட்டில் கையெழுத்திட்டு, அவர் பக்கம் நகர்த்தினார் மேடம்.

“இங்க பாரும்மா...” என்று குரலைத் தாழ்த்தினார் கணவர்.

மேடம் அவரைத் தாண்டி, பின்னால் நின்ற பெண்ணிடம் கையை நீட்டினார். “குடுங்க.”