பர்கண்டியில் பனி விழுந்த ஆண்டு

பிரான்ஸின் பர்கண்டியைப் பற்றிப் பல வருடங்களாகக் குறிப்பெடுத்து வருகிறேன். துறவிகள் திராட்சை பயிரிட்ட காலம், சுண்ணாம்புச் சரிவுகள், எந்த ஆண்டு ஒயின் உயர்ந்தது என்பதெல்லாம் மனப்பாடம். ஒயினை மட்டும் ருசித்ததில்லை.

சென்ற மே மாதம், ஸ்ரீரங்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் வைதேகி, பர்கண்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் தன் பிரெஞ்சுக் கணவருடன் வந்திருந்தாள். வாழைத்தோட்டம் பார்க்க அவருக்கு ஆசை. ஜீயபுரத்தில் என் நண்பர் முத்துசாமியிடம் அழைத்துப் போனேன். நான்கு நாள் முன்பு அடித்த காற்றில் பாதி வாழை தாருடன் சாய்ந்து கிடந்தது.

"இதோட போதுங்க. நிலத்தைக் குடுத்துடலாம்னு இருக்கேன்," என்றார் முத்துசாமி.

ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் ஆரம்பித்தேன். "இவங்க ஊர்லயும் 2021 மோசமான வருஷம். ஏப்ரல் பனியில விளைச்சல் போச்சு. நான் சொல்றது சரியான்னு கேளும்மா."

வைதேகி கேட்டாள். அவள் கணவர் தலைகுனிந்தார்.

"சரிதான் மாமா. துளிரெல்லாம் கருகிடுத்து. தோட்டத்தையே வித்துடலாம்னு இருந்தார்."

முத்துசாமி மெதுவாகக் கேட்டார்:

"வேரு பொழச்சுதாம்மா?"

அதை அவள் பிரெஞ்சில் சொன்னதும் கணவர் நிமிர்ந்து முத்துசாமியைப் பார்த்தார். பிழைத்தது என்றார். மறுவருஷம் நன்றாகக் காய்த்தது என்றார்.

முத்துசாமி சாய்ந்த மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். பக்கக்கன்னை மிதிக்கிறீங்க."

சாய்ந்த வாழையின் வேரடியிலிருந்து ஒரு கன்று முளைத்திருந்தது; நகர்ந்தேன். அந்த ஆண்டைப் பற்றி அத்தனை படித்திருந்தும், அந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.