ஏலத்தில் ஒரு வாய்

என்னை வாய்க்காரி என்று சொல்லாதவர்கள் எங்கள் கரையில் கிடையாது. நான் அதைத் திட்டாக எடுத்துக்கொண்டதே இல்லை. மீன் விற்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் மீன் கூடையிலேயே தங்கிவிடும். ஆனால் அந்த வாயை ஏலத்தில் திறக்க எனக்கு வெகுகாலம் இடமில்லாமல் இருந்தது.

ஏலம் கேட்கும் ஆளை எங்கள் கரையில் 'ஒரு வாய்' என்பார்கள். படகு வந்ததும் மீனை மணலில் குவிப்பார்கள், ஏலக்காரர் குரல் கொடுப்பார், லாரி வைத்திருக்கும் வியாபாரிகள் முன்னால் நின்று கேட்பார்கள். கூடைக்காரிகள் நாங்கள் பின்னால் நிற்போம். கேட்கக்கூடாது என்று எங்களை யாரும் தடுத்ததில்லை. தடுக்கும் அளவுக்குக்கூட எங்களை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. ஒரு குவியலை முழுதாக எடுக்க ஒருத்தியால் முடியாது, விஷயம் அவ்வளவுதான். வியாபாரிகள் நல்ல மீனை ஐஸில் அடுக்கியபிறகு, அவர்கள் கழித்துப்போட்ட சங்கராவையும் கிழங்காவையும் அவர்கள் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு தலத்தெரு, குரும்பகரம் என்று ஊர் ஊராகச் சுமந்து போவோம். வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்த்து முகம் சுளிப்பார்கள். இப்படியே போனால் பழகி வைத்த தெருவெல்லாம் கைவிட்டுப் போய்விடும் என்று எனக்குப் பயம் வந்தது.

கரைக்கு செல்போன் வந்த புதிது அது. வியாபாரி ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே ஏலம் கேட்பார். அந்தப் பக்கத்திலிருந்து கேரளத்து விலை வந்துகொண்டிருக்கும். எங்கள் காதில் கடல்காற்றுதான். போதாததற்கு, ஒரு வியாபாரி ஆசைப்பட்ட குவியலை இன்னொருவர் ஏற்றிக் கேட்கமாட்டார். தங்களுக்குள் கண்ணாலேயே பேசி முடித்துவிடுவார்கள். இதற்குப் பெயர் போட்டி என்று அவர்கள் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் நான், என் நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரி, போலகம் பக்கம் விற்கப் போகும் ஓர் அக்கா, நாலு பேரும் பேசிவைத்துக்கொண்டோம். குவியலைச் சேர்ந்து எடுப்பது, பிறகு மணலிலேயே கூறு போட்டுப் பிரித்துக்கொள்வது. படகு வந்ததும் ஏலத்தில் நான் கேட்டேன். முன்னால் நின்ற ஒரு வியாபாரி திரும்பிப் பார்த்துவிட்டு விலையை ஏற்றினார். நானும் ஏற்றினேன். அவர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். இவளால் எப்படி எடுக்கமுடியும் என்ற நினைப்பு. குவியல் எங்களுக்கு விழுந்தது.

அங்கேதான் சொதப்பினோம். "யாரு பேருக்கு?" என்று ஏலக்காரர் கேட்டதும் நாலு பேரும் ஒரே மூச்சில் அவரவர் பேரைக் கத்தினோம். கழித்த மீனை வாங்கும்போது முதலில் பேரைச் சொல்கிறவளுக்குத்தான் மீன். வருஷக்கணக்கில் ஊறிப்போன பழக்கம், வாய் கேட்கவில்லை. வியாபாரி பிடித்துக்கொண்டார். ஒரு குவியலுக்கு நாலு வாயா, இது ஏலமா கூத்தா என்றார். ஏலக்காரர் பயந்துபோய்க் குவியலை அவர் பக்கம் தள்ளிவிட்டார். கூடைக்காரிகள் இனிமேல் ஏலத்தில் வாய் திறக்கலாமா கூடாதா என்று சாயங்காலம் ஊர்ப் பஞ்சாயத்து முடிவு செய்யும் என்று ஆனது.

பஞ்சாயத்து கோயில் வாசலில் கூடியது. அங்கே பெண்கள் பேசும் வழக்கம் இல்லை. தள்ளி நின்று கேட்கலாம். எங்களுக்காக என் வீட்டுக்காரர் பேசவேண்டும். எவ்வளவு பெரிய அலைக்கும் அசராத மனிதர், நாலு பேர் முன்னால் எழுந்து நின்றதும் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார்.

வியாபாரி அழகாகப் பேசினார். கோபமே இல்லை. போட்டி என்றால் ஆளுக்கு ஆள் நின்று மோதவேண்டும், கூட்டம் சேர்த்துக்கொண்டு வந்தால் அது நேர்மை ஆகாது என்றார். அவர் அதை மனதார நம்பினார், அதை இன்றைக்கும் சொல்வேன். பெரியவர்கள் தலையாட்டினார்கள். தலைவர் மட்டும் ஏதோ நினைத்துக்கொண்டு, லாரி உங்கள் சொந்தமா என்று விசாரித்தார். வியாபாரிக்குப் பெருமை பிடிபடவில்லை. தான் தனி ஆள் இல்லை, மூன்று பார்ட்னர்கள் சேர்ந்து நடத்தும் கம்பெனி, மற்ற இரண்டு பேர் கொச்சியில் இருக்கிறார்கள் என்றார்.

நின்ற இடத்திலிருந்தே சொன்னேன்: "ஐயா, மன்னிச்சுக்குங்க. அவங்க மூணு பேரு சேந்தா கம்பெனி, நாங்க நாலு பேரு சேந்தா கூட்டமாங்க?"

ஒரு பெண் பேசிவிட்டாளே என்று அதட்டக்கூடப் பெரியவர்கள் மறந்துபோனார்கள். என் வீட்டுக்காரர் அப்போதுதான் வாய் திறந்தார். "நான் சொல்ல வந்ததும் அதாங்க," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரை நினைத்துச் சிரிப்பும் வந்தது, ஆசையும் வந்தது.

போட்டியை எல்லோரும் ஓட்டப்பந்தயம் போலப் பேசுகிறார்கள். யாரை ஓர் ஆளாக எண்ணுவது, யாரைக் கும்பலாக எண்ணுவது என்பதை, ஓடுவதற்கு முன்பே ஊர் எழுதாமல் எழுதி வைத்துவிடுகிறது. அந்த வியாபாரியிடம் அதுவரை யாரும் அவருடைய பார்ட்னர்களை எண்ணிக் காட்டச் சொன்னதில்லை. எங்களைத்தான் தலை தலையாக எண்ணினார்கள். பஞ்சாயத்து அன்று எங்களையும் ஒரு வாய் என்று ஒப்புக்கொண்டது. ஒரே பேரில் கேட்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

மறுநாள் காலை நாலு பேரும் பளிச்சென்று சேலை கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றோம். வியாபாரி ஏற்றினார், நான் ஏற்றினேன். அவர் போனில் ஏதோ பேசிவிட்டு இன்னும் ஏற்றினார். எங்கள் நாலு பேர் கையையும் சேர்த்தால்கூட எட்டாத உயரம். ஏலக்காரர் அவருக்கு முடித்துவிடாமல் என் முகத்தைப் பார்த்து, "மேல உண்டாம்மா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்து ஒரு கூடைக்காரியை அந்தக் கரையில் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. இல்லை என்று தலையாட்டினேன்.

கழித்த மீனை வாங்க அன்று எனக்கு மனம் வரவில்லை. வெறுங்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தலத்தெருவுக்கு நடந்தேன். வழக்கமாக வாங்கும் அம்மா வாசலுக்கு வந்து, மீன் இல்லாமல் எதற்கு இவ்வளவு தூரம் வந்தாய் என்றார்.

"ஏலத்துல தோத்துட்டோம்மா," என்றேன். "அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."