கண் நேராக இருந்த நாட்கள்

கிள்ளானில் எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளையை இரண்டு வயதிலிருந்து நான்தான் பார்த்துக்கொண்டேன். தாய்க்காரிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. வீட்டுக்காரர் போன பிறகு, அது வந்தால்தான் என் வீட்டில் பேச்சுச் சத்தம்.

நாலு வயதில் அதன் இடது கண் மூக்குப் பக்கம் ஒதுங்கியது. ஒரு நாள் ஒதுங்கும். மறுநாள் நேராகிவிடும். அடுத்த நாள் திரும்பவும் ஒதுங்கும். பாசாரில் காய் விற்கிறவள், "அக்கா, உங்க பாப்பா என்னைப் பாக்குதா, கத்திரிக்காயைப் பாக்குதா?" என்று சிரித்தாள். அன்று காய் வாங்காமலே வந்துவிட்டேன்.

தாய்க்காரி, "ஆன்டி, எனக்கு லீவு கிடைக்காது லா. நீங்க கிளினிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

போனேன். கண் நேராக இருக்கிற நாளாகப் பார்த்துப் போனேன். நான் வளர்க்கிற பிள்ளையைப் பஸ்ஸில் நாலு பேர் பார்த்துச் சிரிக்கவா? பவுடர் போட்டு, தலை வாரி, புதுக் கவுன் மாட்டிக் கூட்டிப் போனேன். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். மறுபடி ஒரு தடவை போனபோதும் அப்படியே. வீட்டுக்கு வந்து தாய்க்காரியிடம் அதையே சொன்னேன். ஏழு மாதம் போய்விட்டது.

கடைசியில் தாய்க்காரியே லீவு போட்டு, எங்களைக் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அன்று கண் நன்றாக ஒதுங்கியிருந்தது. கண் டாக்டரம்மா கிளினிக்கில் தந்த பழைய சீட்டைப் புரட்டினார்.

"ரெண்டு தடவையும் நேரா இருந்துச்சுன்னு எழுதியிருக்கே?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஒதுங்கும், டாக்டர். நல்லா இருக்கிற நாளா பாத்து நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "இது ரொம்ப அபூர்வம்மா. இந்த நாள் கணக்கை அப்பவே சொல்லியிருக்கலாமே? பரவால்ல, ஆப்பரேஷன் பண்ணா சரியாயிடும்."

தாய்க்காரி, "ஏன் ஆன்டி?" என்று மட்டும் கேட்டாள். நான் பிள்ளையின் கவுன் மடிப்பை நீவிவிட்டேன்.

ஒதுங்குகிற நாளில் அளவெடுத்து, அந்த அளவுக்குக் கண் தசையை இடம் மாற்றித் தைத்தார்கள். கண் கொஞ்ச நாள் சிவந்து கிடந்தது. சொட்டு மருந்தைத் தாய்க்காரியே விட்டாள். அதற்குப் பிறகு எல்லா நாளும் கண் நேர்தான்.

இப்போது பிள்ளை நர்சரிக்குப் போகிறது. மன்னிப்புக் கேட்கப் பக்கத்து வீட்டுக் கதவு வரை இரண்டு முறை நடந்தேன். தட்டவில்லை. காலையில் வேன் சத்தம் கேட்டால் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பேன். பிள்ளை நிமிர்ந்து, இரண்டு கண்ணாலும் நேராக என்னைப் பார்க்கும். நான் கையைத் தூக்குவதற்குள் தாய்க்காரி அதை வேனில் ஏற்றிவிடுவாள்.