மங்கையக்காவின் சனிக்கிழமைகள்

மங்கையக்கா காலமாகிவிட்டார் என்ற செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் இப்ராஹிம். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் என் மருந்துக்கடையைத் திறந்து விளக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். டாக்சியைத் தெருவோரம் நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி கவுண்டருக்கு முன்னால் நின்றார். "விடியப்புறம் போய்விட்டார்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். யாரென்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவரது மனைவி ஹவ்வா கடைசிக் கிழமை முழுவதும் மல்வேர்னில் அக்காவின் வீட்டிலேயே, மகள் வாணிக்குத் துணையாகத் தங்கியிருந்தார். அதனால்தான் எங்கள் ஆட்களுக்குத் தெரியுமுன்பே வட நைஜீரியாக் குடும்பம் ஒன்றுக்கு அந்தச் செய்தி தெரிந்திருந்தது.

சில நாட்களுக்குப் பிறகு வாணி தொலைபேசியில் அழைத்தார். "அம்மாவின்ரை முப்பத்தொண்டாம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறம் அங்கிள். ஊர்ப் பக்கத்துக் கதையெல்லாம் சொந்தக்காரர் எழுதித் தந்திட்டினம். சனிக்கிழமையளைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும். அதை எழுதித் தாங்கோ" என்றார். உங்களில் பலர் அந்தச் சனிக்கிழமைகளில் என் கடைக்கு வந்து இரத்த அழுத்தம் பார்க்க அவரிடம் கை நீட்டியவர்கள்தான். எனக்குத் தெரிந்ததில் கொஞ்சம் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

மங்கையற்கரசி என்ற முழுப்பெயரை அவரது மருந்துச் சீட்டில்தான் கண்டிருக்கிறேன். தமிழருக்கு அவர் மங்கையக்கா. ஆபிரிக்க வாடிக்கையாளர்களுக்கு 'மாமா மங்கை'. அவர்கள் வழக்கில் மாமா என்றால் அம்மா. முதன்முறை கேட்கும் எங்கள் ஆட்கள் திகைத்துப்போய் என்னிடம் வந்து, "உவங்கள் ஏன் ஒரு பொம்பிளையை மாமா எண்டு கூப்பிடுறாங்கள்?" என்று இரகசியமாகக் கேட்பார்கள். அக்காவுக்கு அந்தக் குழப்பம் மிகவும் பிடிக்கும். வேண்டுமென்றே விளக்கம் சொல்லாமல் விட்டுவிடுவார்.

அவர் என் கடைக்கு முதலில் வந்தது ஒரு வாடிக்கையாளராக. ரொறன்ரோ மருத்துவமனை ஒன்றில் தாதியாக இருந்து அப்போதுதான் ஓய்வுபெற்றிருந்தார். கடை மூலையில் இரத்த அழுத்தம் பார்க்கும் இயந்திரம் ஒன்று வைத்திருந்தேன். கானாவைச் சேர்ந்த ஒரு பெண் அதில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, வந்த இலக்கத்தைக் கண்டு அழும் நிலையில் நின்றார். வரிசையில் நின்ற அக்கா நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, நீங்கள்தானே இஞ்சை பொறுப்பு?"

"ஓம் அக்கா."

"உந்தக் கைப்பட்டி அவவின்ரை கைக்குச் சின்னன். சின்னனைப் போட்டு இறுக்கினால் கூடத்தான் காட்டும். பெரிசு ஒண்டு எடுத்து வையுங்கோ. மனிசரை வீணாப் பயப்பிடுத்தக்கூடாது."

பெரிய பட்டி வந்த பிறகு அதே பெண்ணை மறுபடி வரச் சொன்னோம். அழுத்தம் கூடத்தான் இருந்தது, ஆனால் முன்பு காட்டிய அளவுக்கு இல்லை. அக்கா அவரோடு இருந்து, பதறத் தேவையில்லை, ஆனால் மருத்துவரிடம் போகாமல் விடவும் கூடாது என்று நிதானமாகச் சொன்னார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். ஒரு கதிரை அவருடையதாகிவிட்டது. சம்பளம் பற்றிப் பேச்செடுத்தால், "தேத்தண்ணி தாறீர்தானே" என்று வாயை அடைத்துவிடுவார்.

எங்களுக்குள் சண்டைகளும் உண்டு. கவுண்டரில் நான் மிக்சர் பைகள் விற்பேன். சனிக்கிழமை காலையில் அக்கா வந்ததும் முதல் வேலையாக அவற்றையெல்லாம் அள்ளிக் கீழ்த்தட்டில் ஒளித்துவிடுவார். அவர் போனதும் நான் மேலே எடுத்து வைப்பேன். "உப்பையும் வித்து, உப்புக்கு மருந்தையும் வித்தால் உமக்கு ரண்டு பக்கமும் வியாபாரம்தானே" என்பார். பல ஆண்டுகள் இப்படியே போயிற்று. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

நைஜீரியாக் கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் நாட்டிலிருந்து பல ஆசிரியர்கள் ஆபிரிக்காவுக்குப் போன காலத்தில், கணித ஆசிரியரான கணவரோடு அவரும் போயிருக்கிறார். வடக்கே ஒரு நகர மருத்துவமனையில் வேலை. அங்கேதான் ஹௌசா மொழி படித்தார். அங்கேதான் பிள்ளை பெற்று ஓரிரு மாதங்களில் நெஞ்சடைத்து வரும் இளம் தாய்மாரைப் பார்த்தார். பேற்றை ஒட்டிய காலத்தில் சில பெண்களின் இதயத் தசை பலமிழந்து பெருத்துவிடுகிறது. கால் வீங்கும், நெஞ்சில் நீர் கட்டும், படுத்தால் மூச்சு முட்டும். எந்த நாட்டுப் பெண்ணுக்கும் வரலாம். ஆனால் அந்தப் பகுதியில் மிக அதிகம். "வெய்யில் காலத்திலை வார்ட் நிறைஞ்சிடும் தம்பி. ஒருத்தரும் படுத்திருக்க மாட்டினம். எல்லாரும் கட்டிலிலை நிமிர்ந்து இருப்பினம், மடியிலை பிள்ளையோடை" என்று ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையைக் கழுவ எழுந்து போய்விட்டார்.

அந்த அறிவு ரொறன்ரோவில் இனி எதற்கு என்றுதான் அவரே நினைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை இப்ராஹிம் வந்தார். அதுவரை எங்களுக்கு அறிமுகமில்லாதவர். மனைவிக்கு இருமல் மருந்து வேண்டும், பால் கொடுக்கிறார், பாதுகாப்பானது எது என்று கேட்டார். காய்ச்சல் உண்டா என்றேன். இல்லை. சளி? இல்லை. படுத்தால்தான் இருமுகிறாள் என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே கதிரையை விட்டு எழுந்துவிட்டார். எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பதில் வந்ததும் ஹௌசாவில் தொடங்கினார்.

சேலைக்கு மேல் குளிர் அங்கி போட்ட ஒரு தமிழ்ப் பெண் தன் தாய்மொழியில் பேசுவதைக் கேட்ட இப்ராஹிம் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் தன் பாதத்தைத் தொட்டுக் காட்டினார். சோபாவில் சாய்ந்திருப்பதுபோல் உடம்பைச் சாய்த்துக் காட்டினார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, பிள்ளை பிறந்து ஆறு கிழமை. கால் வீக்கம். சோபாவிலை இருந்தபடிதான் நித்திரை. களைப்பு எண்டு சொல்லி அனுப்பிப்போட்டினமாம். நான் இவரோடை போறன்."

"ஆம்புலன்சைக் கூப்பிடட்டோ?"

"ஓம், கூப்பிடும். விலாசத்தை இவரிட்டைக் கேளும். நாங்கள் முன்னுக்கு நடக்கிறம், பக்கத்துக் கட்டடம்தானாம்."

அக்காவும் ஆம்புலன்சிலேயே போனார். அவசரப் பிரிவில் ஹவ்வா வாய் திறந்து பேசும் நிலையில் இல்லை. அக்கா இரண்டே விஷயங்களைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம்: இவர் அண்மையில் பிள்ளை பெற்றவர், இவரால் படுக்க முடியாது. ஆஸ்துமா, பதற்றம் என்று பேச்சு வேறு பக்கம் போகும்போதெல்லாம் அதையே சொன்னாராம். இதயத்தை ஸ்கான் செய்து பார்த்தபோது அது பாதிப் பலத்துக்கும் குறைவாகத்தான் சுருங்கிக்கொண்டிருந்தது. ஹவ்வா பல நாட்கள் மருத்துவமனையில் இருந்தார். வீட்டில் குழந்தைக்குப் போத்தல் பால் கரைத்துக் கொடுக்க இப்ராஹிமுக்குப் பழக்கியதும் அக்காதான்.

ஹவ்வா பிழைத்துக்கொண்டார். ஆனால் மெல்ல மெல்லத்தான். இதயம் முழுதாகப் பழைய நிலைக்கு வரவில்லை. இன்னொரு பிள்ளை பெறுவது உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இப்ராஹிமுக்கு இதைத் தன் தாயிடம் சொல்ல முடியவில்லை. ஊரிலிருந்து அந்த அம்மா ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் அடுத்த பேரப்பிள்ளை எப்போது என்று கேட்பாராம். கணவன் மழுப்புவார், மனைவி அறைக்குள் போய்விடுவார். ஊரில் இரண்டாம் கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கருவுக்கு ஆகாது என்று ஹவ்வா இதய மருந்துகளை நிறுத்திவிட்டார். இன்னொன்றைப் பெற்றே தீருவது என்று முடிவு. மாத்திரை வாங்க ஆள் வரவில்லை என்பதை நான்தான் கவனித்து அக்காவிடம் சொன்னேன்.

"தாய் எடுக்கேக்கை போன்கோலை என்னட்டைத் தரச் சொல்லும். நான் கதைக்கிறன்" என்றார்.

அன்று பனி கொட்டிக்கொண்டிருந்ததால் நான்தான் அவரைக் காரில் கூட்டிப்போனேன். இப்ராஹிமின் வீட்டு வரவேற்பறையில், வீடியோ அழைப்பில் அந்த வயதான அம்மாவின் முகம் தெரிந்தது. அக்கா முக்காட்டைப் போல முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, "சன்னு" என்று வணக்கம் சொல்லித் தொடங்கினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் இருவரும் சிரித்தார்கள். சமையலைப் பற்றிப் போலிருந்தது. அக்கா இடிப்பது, அரைப்பதுபோல் கையால் காட்டினார். பிறகு அக்கா குரலைத் தாழ்த்தி நீண்ட நேரம் பேசினார். திரையில் அந்த அம்மாவின் முகம் அசையாமல் நின்றது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று இப்ராஹிம் குனிந்து பார்த்தார். அப்போதுதான் அந்த அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். ஹவ்வா அறைக்குள்ளிருந்து வந்து அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "என்னக்கா சொன்னா அந்தக் கிழவி?"

"அவவின்ரை தங்கச்சி உப்பிடித்தான் செத்தவவாம், தம்பி. பிள்ளை பிறந்து ரண்டாம் மாதம், சுவரிலை சாஞ்சு இருந்தபடி. ஆரோ செய்வினை செய்தது எண்டு குடும்பம் ரண்டாய்ப் போச்சுதாம். இதுக்கொரு பேர் இருக்கு, மருந்து இருக்கு எண்டு இண்டைக்குத்தான் தெரியுமாம். 'எனக்கு இருக்கிற ஒரு பேத்தியே காணும், என்ரை பிள்ளையைச் சாகவிடாதேங்கோ' எண்டு சொல்லிப்போட்டா."

சிறிது தூரம் போனதும் அவராகவே தொடர்ந்தார். "பிள்ளை பெத்தவைக்கு அங்கை உப்புக் கஞ்சி குடுப்பினம், கொதிக்கக் கொதிக்கத் தண்ணி வாப்பினம். எங்கடை சரக்குக் கறியும் வேதுத் தண்ணி வாக்கிறதும் மாதிரித்தான். நான் வார்ட்டிலை நிண்டு மாமிமாரை ஏசியிருக்கிறன், 'நீங்கள்தான் உப்பைக் குடுத்துக் கெடுத்தது' எண்டு. அப்ப எங்களுக்கும் அப்பிடித்தான் சொல்லித் தந்தவை. பிறகு ஆராய்ஞ்சு பார்த்தால், உப்பை மட்டும் குற்றம் சொல்லேலாதாம். அந்தக் கிழவியள் என்ரை சொல்லைச் சுமந்துகொண்டு செத்திருப்பினம். அதாலைதான் இண்டைக்கு முதல் சரக்கு அரைக்கிற கதையைக் கதைச்சனான். பழி சொல்லித் தொடங்கினால் ஒருத்தரும் உண்மையைச் சொல்லாயினம், தம்பி."

அவருக்குக் கோபம் வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். முதியோர் சங்கத்தில் ஒருமுறை இருதயம் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர், "மங்கை, பிரஷர் உந்தக் கறுப்பு ஆக்களுக்குப் பிறப்பிலேயே உள்ள வருத்தம் எல்லோ?" என்றார். அக்காவின் முகம் சிவந்துவிட்டது.

"ஆர் அண்ணை உங்களுக்குச் சொன்னது? நான் அங்கை கிராமம் கிராமமாப் போய்ப் பார்த்தனான். தோட்டம் கொத்துற கிழவருக்கு இளந்தாரியின்ரை பிரஷர். அவரின்ரை மகன் பட்டணத்துக்கு வந்து, கடைச் சாப்பாடும் கவலையுமா இருந்து, நாப்பது வயசிலை ஒரு பக்கம் இழுத்துப்போய் வருவான். பிறப்பிலை இருந்தால் தேப்பனுக்கும் எல்லோ இருக்கவேணும்? இஞ்சை ரண்டு வேலை, நித்திரை இல்லை, போற இடமெல்லாம் தோலைப் பார்த்துக் கதைக்கிறாங்கள். உதெல்லாம் எங்கை போறது? நெஞ்சுக்குள்ளைதான் போகுது. எங்கடை ஆக்களுக்கும் உதே கதைதான். சரி, கையை நீட்டுங்கோ."

சபை சிரித்தது. வந்த இலக்கத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த அண்ணை இன்றும் என் கடையில் மாதாமாதம் மருந்து எடுக்கிறார். இதை வாசித்துச் சிரிப்பார் என்று நம்புகிறேன்.

இவ்வளவு பேரின் இதயத்தைக் காத்தவரைக் கொண்டுபோனது கணையத்தில் வந்த புற்றுநோய். கண்டுபிடித்தபோதே பிந்திவிட்டது. இலையுதிர் காலத்தில் சனிக்கிழமைகள் நின்றுபோயின. கடைசியாகப் பார்க்கப் போனபோது மிகவும் மெலிந்திருந்தார். "நெஞ்சு மட்டும் நல்லா வேலை செய்யுது தம்பி, அதாலைதான் இழுபடுது" என்று சிரித்தார். ஹவ்வா கஞ்சி கொண்டுவந்து கரண்டியால் பருக்கினார். இருவரும் ஹௌசாவில் ஏதோ கதைத்தார்கள். பள்ளிக்கூடச் சீருடை கழற்றாமல் ஹவ்வாவின் மகள் கட்டில் ஓரத்தில் குந்தியிருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

இறுதிச் சடங்கில் தேவாரம் பாடி முடிந்ததும் இப்ராஹிம் தயங்கித் தயங்கி வாணியிடம் வந்தார். ஊரிலிருந்து தன் தாய் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருப்பதாகச் சொன்னார். போடச் சொன்னார் வாணி. கைத்தொலைபேசியிலிருந்து ஒரு முதிய பெண்ணின் குரல் பிரார்த்தனைபோல் ஒலித்தது. மண்டபத்தில் இருந்தவர்களில் மூவருக்கோ நால்வருக்கோதான் அந்த மொழி தெரியும். யாரும் சொல்லாமலே எல்லோரும் எழுந்து நின்றோம்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பழக்கம். வந்து உட்காருபவரின் கையில் அவர் உடனே பட்டியைக் கட்டமாட்டார். "கொஞ்ச நேரம் சும்மா இருங்கோ" என்பார். அழுத்தம் சரியாகப் பார்க்க அது அவசியம்தான், எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அக்காவும் எதையும் தொடாமல், எதையும் எழுதாமல், பக்கத்தில் சும்மா இருப்பார். அப்போதுதான் மனிதர்கள் பேசுவார்கள். இப்போது சனிக்கிழமைகளில் நான் அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். எனக்கு அது எளிதில் வருவதில்லை. கவுண்டரில் வரிசை நீளும். உதவிக்கு நிற்கும் பிள்ளை என்னை முறைப்பாள். கை தானாகப் பட்டியை எடுக்கப் போகும். போன சனிக்கிழமை எதியோப்பியாவைச் சேர்ந்த ஒரு பஸ் சாரதி வந்திருந்தார். இருவரும் சும்மா இருந்தோம். வெளியே பனி உருகி வடிந்துகொண்டிருந்தது. நெடுநேரத்துக்குப் பிறகு அவர் என்னைப் பார்க்காமலே, "இரண்டு மாடி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை" என்றார்.