வர்க்கி மாவும் நோய்ப் பூஞ்சையும்

நோயாளிகளின் வாயிலும் ரத்தத்திலும் வளரும் இரண்டு வகைப் பூஞ்சைகளிலிருந்து ஒரே மரபணுவைப் பிரித்தெடுத்து ஒப்பிடுவது என் ஆய்வு. புரதம் செய்யப் பூஞ்சைகளுக்கென்று ஒரு தனிக் கருவி உண்டு; அதற்கான மரபணு இது. மனிதருக்கு அந்தக் கருவி கிடையாது. அதை மட்டும் முடக்கும் மருந்து கிடைத்தால் பூஞ்சை சாகும், நோயாளிக்கு ஒன்றும் ஆகாது. இதற்கா இத்தனை வருஷப் படிப்பு என்று கேட்காத உறவினர் இல்லை. பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

வீடு ஊட்டியின் காந்தல் பகுதியில். முன்கட்டில் அப்பா வர்க்கி பிஸ்கட் சுட்டு விற்கும் அடுப்பு. பின்கட்டில் நானும் அவரும். விடியலில் அவரோடு மாவு பிசைந்து மடித்துக் கொடுத்துவிட்டு, அதே ஸ்வெட்டரோடு ஊட்டி ஆய்வகத்துக்குப் போவேன். மேலே வெள்ளைக் கோட்டு மாட்டினால் தீர்ந்தது என்பது என் நினைப்பு.

முதலில் பிரித்து நகலெடுத்த மரபணுவின், அதாவது முதல் குளோனின், எழுத்து வரிசை வந்ததும் என் வழிகாட்டிப் பேராசிரியர் திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, இது நோயாளி வாயில எடுத்ததா, உங்கப்பா மாவுச் சட்டியில எடுத்ததா?"

எழுத்துக்கு எழுத்து, மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டின் மரபணு. வளர்ப்புத் தட்டில் ஈஸ்ட்டும் நோய்ப் பூஞ்சையும் ஒரே மாதிரி வெண்புள்ளிதான். என் ஸ்வெட்டரிலிருந்து விழுந்ததை எடுத்து, மெனக்கெட்டு குளோன் செய்திருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

"இன்னொரு தடவைதான்," என்றார் அவர். "அதுவும் சரியா வரலேன்னா உன் ஃபெலோஷிப்பை நீட்டச் சொல்லி நான் கேக்க முடியாது. அதுவரைக்கும் அந்த அடுப்புப் பக்கமே போகாதே."

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன்.

"மாவு தொட்ட கை ஆகாதுங்கறாங்களாக்கும்?"

"கை இல்லீங்கப்பா. மாவுல இருக்கற ஈஸ்ட்டு."

"அதத் தின்னுதானே அம்மிணி நீ வளந்தே? இனி ஊட்டுப் பக்கமே வரமாட்டியாக்கும்?"

விளக்கினால் புரியும், அவருக்குக் கேட்க மனசில்லை. எனக்குக் கோபம் வந்தது. மறுநாளே விடுதிக்குப் போய்விட்டேன். மாவு பிசைய அவர் ஓர் ஆள் வைத்துக்கொண்டார்.

இரண்டாம் முறை சரியான பூஞ்சையே கிடைத்தது. இரண்டு வகைகளிலும் அந்த மரபணு ஏறக்குறைய ஒன்றுதான்; ஒரே மருந்து இரண்டையும் தாக்கக்கூடும் என்று எழுதலாம். ஆய்வேட்டுக்கு அது போதும். "வேலை முடிஞ்சுதுங்கப்பா, ஊட்டுக்கு வந்தர்றேன்," என்று போனில் சொன்னேன். எப்பொழுது, என்ன என்று ஒன்றும் கேட்காமல் அன்று மத்தியானமே அவர் புறப்பட்டு வந்துவிட்டார்.

ஆய்வக கேட்டுக்கு வெளியே, ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்றார். தீபாவளிக்கு எடுத்த சட்டை. தலை இன்னும் ஈரம். சந்தோஷத்தில் நான் ரோட்டைத் தாண்டி ஓடினேன். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"குளிச்சுப்போட்டுத்தான் வந்தேன் அம்மிணி. துணியும் புதுசு. இருந்தாலும் நீ கிட்ட வராதே. ஏதாச்சும் ஒட்டிக்கப் போகுது."