பாசி விளிம்பில் ஒரு கையெழுத்து

போன ஞாயிறு காலை பதினொரு மணி. பலெர்மோவுக்கு வெளியே, மலைகளுக்கு நடுவே ஓர் அணைக்கட்டு ஏரி. கையில் தூண்டில். பக்கத்தில் முதலாளி.

மீன் பிடிக்கப் போய் யாராவது பயப்படுவார்களா? நான் பயந்தேன்.

விஷயம் இதுதான். பலெர்மோவின் லிபெர்த்தா வீதியில், ஓய்வுபெற்ற ஒரு டொக்டர் வீட்டில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். 'தொத்தோரே' என்றுதான் கூப்பிடுவேன். இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி, என் பெர்மெஸ்ஸோ, இந்தச் செவ்வாயோடு முடிகிறது. புதுப்பிக்க அவர் கையெழுத்திட்ட வேலைக் கடிதம் வேண்டும். அது கிடைக்காவிட்டால், கொழும்பில் காத்திருக்கும் மனைவியையும் மகளையும் இங்கே கூப்பிடுவது வெறும் கனவுதான். கடிதத்தை நீட்டியபோது அவர் கேட்டார்: "நீ தீவுக்காரன்தானே? பாஸ் மீன் பிடிக்கத் தெரியுமா?"

"ஸி" என்றேன். இத்தாலிய 'ஓம்'.

நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. சமைப்பாயா? ஸி. தோட்டம் பார்ப்பாயா? ஸி. இல்லையென்று சொன்னால் அடுத்த நிமிடம் அந்த வாசலில் வேறொருவர் நிற்பார் என்ற பயம்... யாழ்ப்பாணத்தில் நான் தபால் கந்தோரில் முத்திரை குத்தியவன். தூண்டிலைத் தொட்டதே இல்லை.

"அருமை! எனக்கும் இது புதுசு. ஞாயிறு ஏரிக்கு வந்து காட்டு. கையெழுத்தை அங்கேயே போடுகிறேன்" என்றார்.

சனிக்கிழமை கபோ சந்தையில் சூசையைத் தேடிப் பிடித்தேன். மன்னார்க்காரர். என்னைப் போல வீட்டு வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் அதே ஏரிக்குப் போய் பாஸ் பிடிப்பவர்.

"அண்ணை, இந்த வெயிலுக்கு மீன் கரைக்கு வராது" என்றார். "பாசி எங்கை முடிஞ்சு ஆழம் துவங்குதோ, அந்த விளிம்பிலைதான் நிழலுக்கு நிக்கும். பாசிக்குள்ளை எறியாதையுங்கோ. விளிம்போடை நீட்டுக்கு எறியுங்கோ."

"பிறகு?"

"ரப்பர் புழு அடிக்குப் போகட்டும். அவசரப்படாதையுங்கோ. மெல்லத் தூக்கி, விழ விடுங்கோ. விழேக்கைதான் கவ்வும். தங்கூசி நூல் பக்கத்துக்கு ஓடினால் உடனை மேலை இழுங்கோ. தளர விட்டியளோ, பாசிக்குள்ளை பூந்திடும்."

"பிழைச்சால்?"

"திரும்ப எறியுங்கோ. உங்கடை பெர்மெஸ்ஸோ விஷயம் மீனுக்குத் தெரியாது."

ஏரியில் தொத்தோரே நேராகப் பாசிக்குள்ளேயே எறிந்தார். பாசிதான் வந்தது. ஆறு தடவை! ஒவ்வொரு தடவையும் அவர் முகம் சிவக்க, அவருடைய சட்டைப்பையில் இருந்த என் கடிதத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் முதல் வீச்சும் பாசிக்குத்தான் போனது. அடுத்தது விளிம்போடு விழுந்தது. புழு இறங்க இறங்கப் பொறுத்திருந்தேன். தூக்கினேன், விட்டேன். தங்கூசி சட்டென்று பக்கவாட்டில் ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு மேலே இழுத்தேன்... முழங்கை நீளப் பாஸ்!

தொத்தோரே கை தட்டினார். "சின்ன வயதிலிருந்தே பிடிக்கிறாய், இல்லையா?"

'ஸி' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"நோ" என்றேன். "இதுதான் என் முதல் மீன். அன்று பொய் சொன்னேன், தொத்தோரே."

இந்த நாட்டில் நான் சொன்ன முதல் 'நோ'. கடிதம் போச்சு, மனைவி, மகள் எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவர் என் மீனைத் தூக்கிப் பார்த்தார்.

"இஸ்திரி போடத் தெரியும் என்றாயே, அன்றே எனக்குப் புரிந்தது" என்றார். "நீ கருக்கிய அந்தச் சட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்."

பிறகு கார் பொனற்றில் கடிதத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல என்ன வெட்கம்?

வேலை போய்விடும் என்று பயந்து ஒரு பொய் சொல்கிறோம். அதற்குப் பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்ற எத்தனை மடங்கு பயப்படுகிறோம்!

திரும்பும் வழி முழுக்க மலை வளைவுகள். ஒரு வளைவில் தொத்தோரே மெல்லக் கேட்டார்: "கார் ஓட்டத் தெரியும் என்றும் சொன்னாய்தானே...?"

ஸ்டியரிங் என் கையில் இருந்தது.