தொண்டைக்கு ஓய்வு

ராக் இசை பாடிப் பழகுகிறவர்கள் எனக்குப் பதிவு அனுப்புவார்கள். கேட்டுவிட்டுக் குரலில் என்ன கோளாறு என்று சொல்வேன். பாதிப்பேருக்குத் தொண்டையைக் கிழிப்பதுதான் பாட்டு. பழவங்காடிக் கடைத்தெருவில் நைட்டிக் கடை வாசலில் நின்று ஆள் கூப்பிடும் பெண்ணும் பதிவு அனுப்பினாள்; அவள் அப்படியில்லை. அருமையான குரல், ஆனால் எப்போதும் கட்டிக்கிடந்தது.

“வயித்திலேருந்து மூச்சு எடும்மா. ஒரு மாசம் கத்தவே கூடாது,” என்றேன்.

“கடையில சத்தம் போடாம நின்னா ஜோலி போயிரும், சாரே.”

“அப்போ ரெண்டுல ஒண்ண விடு,” என்று எரிந்து விழுந்தேன்.

பாட்டை விட்டுவிட்டாள்.

நேற்று அந்த வழியாகப் போனேன். குரல் நன்றாகத் தேறியிருந்தது. நான் சொன்னபடியே வயிற்றிலிருந்து மூச்செடுத்து, கொஞ்சமும் பிசிறில்லாமல், தெருமுனை வரை கேட்கும்படி, போகிற வருகிற பெண்களை அழைத்துக்கொண்டிருந்தாள்:

“வா சேச்சீ, வா! ரெண்டு நைட்டி முந்நூறு!”